பாட்டிலின் குறுக்கே சிவப்புக் கோடு

பாத்துநோனி மலைக்கிராமத்தில் கடை என்று சொன்னால் டெல்ஃபினாவின் கடை ஒன்றுதான். யக்கோமினா அதற்குள் நுழைந்தபோது மணி பதினொன்று இருக்கும். கடலோர நகரத்தில், உணவுத் தரம் பார்க்கிற அரசு அலுவலகத்தில் அவளுக்குப் பதினான்கு வருட சர்வீஸ். தேதி கடந்த டப்பாக்களை மலைக்கிராமங்களில் தள்ளிவிடுகிறார்கள் என்று ஒரு புகார் வந்திருந்தது. அதை விசாரிக்கத்தான் விடியற்காலையில் ஜீப்பில் கிளம்பியிருந்தாள். ஓட்டி வந்தவன் மெல்கி. பேச்சு நின்றால் இன்ஜினும் நின்றுவிடும் என்பது போல வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிறவன்.

அலமாரியில் சோப்புக்கும் மண்ணெண்ணெய் பாட்டில்களுக்கும் நடுவே நீல நிற டப்பாக்கள் வரிசையாக நின்றன. இனிப்புக் க்ரீமர். யக்கோமினா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தேதி சரியாக இருந்தது. லேபிளில் இருக்க வேண்டிய வார்த்தைகள் எல்லாம் இருந்தன. விதிப்படி ஒட்ட வேண்டிய வட்ட ஸ்டிக்கரும் எல்லா டப்பாவிலும் கோணாமல் ஒட்டியிருந்தது. அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

அந்த ஸ்டிக்கர் அவள் வரைந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு வரை இதே டப்பாவில் 'பால்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பதில் பாதிக்கு மேல் சர்க்கரை. மீதியில் பாமாயில்தான் பெரும்பங்கு, பேருக்குக் கொஞ்சம் பால் பவுடர். காப்பியில் கலக்கலாம், ரொட்டியில் தடவலாம். கைக்குழந்தைக்குக் கொடுத்தால் பசி அடங்கும், உடம்பு தேறாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நிறையப் பேர் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் புதிய விதி வந்தது. 'பால்' என்கிற வார்த்தை போனது. சிரித்த குழந்தையும் போனது. 'கைக்குழந்தைகளுக்கு உகந்ததல்ல' என்று ஒரு வரி சேர்ந்தது.

அந்த ஒரு வரி போதாது என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவள் யக்கோமினா. "படிக்கத் தெரியாத தாய்மார்கள் மலை மேல இருக்காங்க சார். அவங்களுக்கு எழுத்து எதுக்கு? ஒரு படம் போடுவோம்" என்றாள். அங்கேயே ஒரு பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் வரைந்தும் காட்டினாள். ஒரு வட்டம், அதற்குள் பால் பாட்டில், பாட்டிலின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கம்பெனிக்காரர்கள் முனகினார்கள், பிறகு அச்சடித்து ஒட்டினார்கள். அந்த வருடம் சுதந்திர தினத்தன்று அவளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.

"எல்லாம் சரியா இருக்கு அக்கா" என்றாள் யக்கோமினா.

டெல்ஃபினா கடைவாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "என் கடையில பழசு எங்க தங்குது? இந்த டப்பா வந்த வாரமே காலி. முன்னெல்லாம் மாசம் ஒரு பெட்டி போடுவேன். இப்ப மூணு பெட்டி."

"அவ்வளவு காப்பியா குடிக்கறீங்க இங்க?" என்று மெல்கி கேட்டான். "தூக்கமே வராதே உங்க ஊருக்கு."

"காப்பிக்கு யாருப்பா இத வாங்குறா" என்றாள் டெல்ஃபினா.

அவள் என்ன சொல்கிறாள் என்று யக்கோமினா கேட்பதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். தோளோடு சேர்த்துக் கட்டிய துணித் தூளிக்குள் ஒரு குழந்தை.

"வா ஓர்பா" என்றாள் டெல்ஃபினா. கேட்காமலேயே ஒரு நீல டப்பாவை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

யக்கோமினா அந்த டப்பாவைப் பார்த்தாள், பிறகு தூளியைப் பார்த்தாள். "எதுக்குத் தங்கச்சி இது? காப்பிக்கா?"

"இல்லக்கா, பாப்பாவுக்கு."

"குழந்தைக்கு இத குடுக்கலாம்னு யாரு சொன்னாங்க?"

ஓர்பா விழித்தாள். இது ஒரு கேள்வியா என்பது போல இருந்தது அவள் முகம். "யாரு சொல்லணும்? இதுலயே போட்டிருக்குல்ல." டப்பாவைத் திருப்பி ஸ்டிக்கரின் மேல் விரலை வைத்தாள். "இந்தா, பாட்டில். சுத்தி இருக்கிற வட்டம் வெந்நீர்ச் சட்டி. அதுக்குள்ள பாட்டில நிக்க வச்சுச் சூடு பண்ணணும். இது கலக்குற குச்சி."

"குச்சி இல்லடி" என்றாள் டெல்ஃபினா. "எத்தன தடவ சொல்றது. அது அளவுக் கோடு. அதுவரைக்கும் ஊத்தணும்னு அர்த்தம்."

"அளவுக் கோடுன்னா நேரா இருக்கும். இது சாஞ்சிருக்கு. சட்டியில கரண்டி போட்டா சாஞ்சுதானே நிக்கும்?"

மெல்கி சிரித்துவிட்டான். இரண்டு பெண்களும் விளையாட்டுக்குப் பேசவில்லை என்று புரிந்ததும் அவன் சிரிப்பு அப்படியே நின்றது. யக்கோமினாவைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தான் வரைந்த படத்தைத் தானே முதல்தடவையாகப் பார்ப்பது போலிருந்தது. சட்டி தெரிந்தது. அதில் பாட்டில் தெரிந்தது. சாய்ந்து நின்ற கரண்டியும் தெரிந்தது. குறுக்கே கோடு கிழித்தால் 'கூடாது' என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நகரத்துச் சாலைப் பலகைகளிலிருந்து தெரியும். பாத்துநோனிக்கு ஏறி வருகிற பாதையில் கற்கள்தான் உண்டு, பலகை ஒன்றுகூடக் கிடையாது.

"முன்னாடி சிரிக்கிற பிள்ளை படம்தான், எப்படிக் கலக்கறதுன்னு போடல" என்று ஓர்பா விளக்கிக்கொண்டிருந்தாள். "அதனால எங்களுக்குச் சந்தேகம். அப்புறம் கவர்மெண்டே முத்திரை ஒட்டி அனுப்பிச்சிட்டாங்கன்னு அக்காதான் சொன்னாங்க. எனக்குப் பால் பத்தாதுன்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. களை எடுக்கவும் போகணும். இவங்கப்பா மலேசியாவுல தோட்ட வேலையில இருக்காரு. வேற யாரு பாத்துக்குவா?"

"குழந்தைய கொஞ்சம் காட்டு" என்றாள் யக்கோமினா.

தூளியை விலக்கினாள் ஓர்பா. ஏழு மாதக் குழந்தை. பேர் கெர்சோன். கன்னம் உப்பியிருந்ததால் தூரத்தில் பார்த்தால் கொழுத்த பிள்ளை என்றுதான் தோன்றும். தலைமுடி செம்பட்டை பாய்ந்து, தொட்டால் உதிர்ந்துவிடும் போல நின்றது. அழவில்லை, சிணுங்கவில்லை, புது ஆளைப் பார்த்து முகம் திருப்பவும் இல்லை. யக்கோமினா அவன் பாதத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தாள். ஈர மண்ணில் பதிந்தது போலப் பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது.

"நல்லா சதை போட்டிருக்கான்ல" என்றாள் ஓர்பா, கொஞ்சம் பெருமையோடு.

"இது சதை இல்லம்மா. நீர்." யக்கோமினா நிமிர்ந்தாள். "வண்டியில ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இப்பவா? எனக்குக் களை பாக்கி இருக்கு."

"இப்பவே."

அந்த ஒரு சொல்லில் என்ன இருந்ததோ, ஓர்பா மறுபேச்சுப் பேசாமல் ஏறினாள். இறங்குகிற வழியில் மெல்கி ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி நிற்காமல்தான் ஓடியது.

மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் மருத்துவச்சி சிசிலியா குழந்தையைத் தராசில் போட்டாள். முள்ளைப் பார்த்தாள், எடுத்து மறுபடி போட்டாள். பிறகு ஓர்பாவை ஒரு கட்டிலில் உட்காரவைத்து, பிள்ளைக்குக் குழாய் போட்டு, மருந்துக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக இறக்க ஆரம்பித்தாள். எல்லாம் முடிந்து வெளியே வந்து கையைக் கழுவியபடி, "டப்பாதானே?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த மலையிலிருந்து ஒரு வருஷத்துல இது நாலாவது." சிசிலியா உள்ளே போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்து, பெயர்களின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். "இது பொழச்சுது. இது ரெண்டும் போயிடுச்சு. பேதின்னு எழுதியிருக்கேன். பேதியிலதான் போச்சு. ஆனா உடம்புல ஒண்ணுமில்லாத பிள்ளைய ஒரு நாள் பேதியே கொண்டுபோயிடும். நானும் தொண்டை கிழியச் சொல்லிப் பாத்துட்டேன். இந்த டப்பாவ குடுக்காதீங்கன்னா, கவர்மெண்டே படம் ஒட்டியிருக்கு, உனக்கு என்ன தெரியும்னு என்னையே கேக்கறாங்க. எவன் வரைஞ்சானோ அந்தப் படத்த. கையில கெடச்சான்னா..."

முடிக்காமல் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

நான்தான் என்று சொல்ல யக்கோமினா வாயைத் திறந்தாள். சொல்லாமலேயே குனிந்து, பதிவேட்டில் இருந்த, இறந்துபோன இரண்டு பிள்ளைகளின் பெயர்களையும் குறித்துக்கொண்டாள். ஒன்று பாத்துநோனி, தாய் பெயர் வெல்மின்சி. இன்னொன்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஒரு குடியிருப்பு. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வண்டியில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றான் மெல்கி.

"வண்டிய எடு."

அடுத்த பத்து நாள் அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை. மலையில் ஐந்து ஊர்களுக்கு நடந்து போனாள். கையில் ஒரே ஒரு ஸ்டிக்கர். தாய்மார்களைப் பார்த்து, "இது என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்டாள். தான் யாரென்று சொல்லவில்லை. நாற்பத்திரண்டு பேரிடம் கேட்டாள். முப்பத்தொரு பேர், இது பிள்ளைக்குக் கொடுக்கிறது என்றார்கள். ஏழு பேருக்குத் தெரியவில்லை. நான்கு பேர் மட்டும் கூடாது என்றார்கள். அந்த நால்வரும் நகரத்தில் வீட்டு வேலை செய்து திரும்பியவர்கள். ஒருத்தி ஸ்டிக்கரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல படம்க்கா, எங்களை மாதிரி படிக்காதவங்களுக்குன்னு யாரோ யோசிச்சுப் போட்டிருக்காங்க" என்றாள். யக்கோமினா ஸ்டிக்கரைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

அலுவலகத்தில் மேலதிகாரி ஹென்ட்ரிகுஸ் அவளுடைய அறிக்கையை இரண்டு தடவை படித்தார். மனுஷர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"படம் விதிப்படிதானே இருக்கு?"

"விதிப்படிதான் சார் இருக்கு."

"கம்பெனி நம்ம சொன்னதத்தான் செஞ்சிருக்கு?"

"ஆமா சார். வரி பிசகாம செஞ்சிருக்காங்க."

"அப்ப இதுல யார் மேல நடவடிக்கை எடுக்கறது?"

"படம் நான் வரைஞ்சது. மூணாவது பக்கத்துல எழுதியிருக்கேன்."

"பாத்தேன். அந்தப் பக்கத்த எடுத்துடலாம்னுதான் சொல்ல வரேன். எடுத்துட்டா உனக்கும் நல்லது, ஆபீசுக்கும் நல்லது. ஸ்டிக்கர சத்தமில்லாம மாத்திடலாம்."

"வேணாம் சார். இருக்கட்டும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, மூன்றாவது பக்கத்தோடு சேர்த்தே கையெழுத்துப் போட்டார். கம்பெனியின் பிரதிநிதியை அழைத்தபோது அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவைக்கூட எடுக்கவில்லை. "நீங்க ஒட்டச் சொன்னீங்க, ஒட்டினோம். இப்ப எடுக்கச் சொல்றீங்க, எடுக்கறோம். எங்க மேல என்ன தப்பு மேடம்?" என்றார். அந்த மலையில் மட்டும் விற்பனை மூன்று மடங்கு ஏன் ஆனது என்று யாராவது யோசித்தீர்களா என்று யக்கோமினா கேட்டாள். "விற்பனை ஏறினா யாரு மேடம் ஏன்னு கேப்பாங்க" என்றார் அவர். அதில் கேலி இல்லை. உண்மையாகவே அவருக்குக் கேள்வி புரியவில்லை.

ஸ்டிக்கரை எடுக்க உத்தரவு வந்தது. புதிய படம் எதுவாக இருந்தாலும் மலைத் தாய்மார்களிடம் காட்டிக் கேட்காமல் அச்சுக்குப் போகக் கூடாது என்றும் அதில் ஒரு வரி இருந்தது. கடைகடையாகப் போய்ப் பழைய ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாக்களை அலமாரியிலிருந்து இறக்கும் வேலையை யக்கோமினா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இதற்கிடையில் கெர்சோனின் கால் வடிந்தது. நீர் வற்றியதும் அந்த உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை என்று தெரிந்தபோதுதான் ஓர்பா முதல்தடவையாகக் கதறினாளாம். சிசிலியா அவளை உட்காரவைத்து, பிள்ளையைத் திரும்பத் திரும்ப மார்பில் போட்டு, நின்ற பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்தாள். முட்டையும் சோளக் கஞ்சியும் பழக்கினாள். ஆறாவது வாரம் யக்கோமினா போனபோது குழந்தை அவளைப் பார்த்து வீறிட்டு அழுதது. அவ்வளவு இனிமையான அழுகையை அவள் கேட்டதில்லை.

அன்று சிசிலியாவும் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே யக்கோமினா சொன்னாள். "அந்தப் படத்த வரைஞ்சது நான்தான்."

சிசிலியா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஓர்பா போகவில்லை. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "அன்னிக்குக் கடையிலேயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அதான் அவ்வளவு அவசரமா வண்டியில ஏத்தினீங்களா. எம் பிள்ளைக்காகன்னு நெனச்சேன்."

"அதுக்கும் சேத்துத்தான்."

ஓர்பா பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு, "என் பிள்ளை இருக்கான்" என்றாள். "நீங்க என்கிட்ட வந்து சொல்றது சுலபம். வெல்மின்சி அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல" என்றாள் யக்கோமினா.

"அவங்க பொண்ணு மழைக்காலத்துல செத்துது. சாகறதுக்கு முன்னாடி, நோய் தீரலேன்னு வீட்டுல பெரியவங்க எல்லாம் உக்காந்து குத்தம் கேட்டாங்க. நீ என்ன தப்ப மறைச்சு வச்சிருக்க, அதச் சொன்னாதான் பிள்ளை பொழைக்கும்னு. ராத்திரி பூரா கேட்டா மனுஷி என்னத்தச் சொல்லுவா? வயித்துல பிள்ளை இருந்தப்ப நாத்தனார் பரண்ல இருந்து ரெண்டு கை விதைச் சோளம் எடுத்து அவிச்சுத் தின்னேன்னு சொன்னாங்க. அதுதான் குத்தம்னு முடிவாச்சு. சொன்ன பிறகும் பிள்ளை போச்சு. இன்னும் என்னமோ மறைக்கறாள்னு ஊரே பேசுது. அவங்க இப்ப கோயிலுக்கு வர்றதில்ல. பொம்பளைங்களோட உக்காந்து ஒரு வெத்தல போடறதில்ல. தன் கையாலதான் பிள்ளை போச்சுன்னு நெனச்சுட்டு இருக்காங்க."

யக்கோமினா அந்த இரண்டு பெயர்களை இத்தனை நாளும் பையில் வைத்துக்கொண்டு, அவற்றை முடிந்துபோன கணக்கு என்று நினைத்திருந்தாள். அந்தப் பெயர்களில் ஒன்றுக்கு உயிரோடு ஒரு தாய் இருக்கிறாள், தினமும் பழி சுமந்துகொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை ஓர்பா வழிகாட்ட, வெல்மின்சியின் வீட்டுக்குப் போனாள். புகை படிந்த வட்டக் குடிசைக்கு வெளியே அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். விருந்தாளிக்கு உட்காரப் பாய் கொண்டுவரக்கூடத் தோன்றாமல் கோடரியோடு நின்றாள்.

யக்கோமினா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டப்பாவில் என்ன இருந்தது, படம் எதற்காக வரைந்தது, அது எப்படித் தெரிந்தது, பிள்ளையின் உடம்பு ஏன் தாங்கவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்கிற வார்த்தையும் நடுவில் எங்கோ வந்தது. அது வெல்மின்சியின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அப்ப சோளம்?" என்று கேட்டாள் வெல்மின்சி.

"சோளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. பசிச்சுது, சாப்பிட்டீங்க. அவ்வளவுதான்."

"சம்பந்தமே இல்லியா?"

"இல்ல."

கோடரி கையிலிருந்து நழுவியது. அவள் அழவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு வெல்மின்சி தலை நிமிர்ந்தாள்.

"இத எங்க நாத்தனார் முன்னாடி சொல்லுவீங்களா? பெரியவங்க எல்லாரையும் வச்சுக்கிட்டு?"

"சொல்றேன்."

"இன்னிக்கே?"

"இன்னிக்கே."

மதியத்துக்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். அன்று குற்றம் கேட்ட அதே ஆறேழு பேர், அதே முற்றம். யக்கோமினா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சொல்லி முடித்தபோது மூத்தவர் ஒருவர் வாயில் போட்ட பாக்கை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். நாத்தனார்க்காரி, "நாங்க மூணு தடவ கேட்டோமே, மூணு தடவ" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குடிசைக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் திரும்பி வரவில்லை. மற்றவர்களில் ஒருவர்கூட யக்கோமினாவைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அவள் ஜீப்பில் ஏறப் போகும்போது வெல்மின்சி பின்னாலேயே வந்தாள். முகம் கழுவி, வேறு சேலைத்துணி உடுத்தியிருந்தாள்.

"ரெண்டு பிள்ளைங்கன்னு ஓர்பா சொன்னா. இன்னொண்ணு யாரோடது?"

"ஆத்துக்கு அக்கரையில ஒரு வீடு. நாளைக்குப் போகலாம்னு இருக்கேன்."

"நாளைக்கு எதுக்கு?" வெல்மின்சி வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "அங்கயும் பெரியவங்க இருப்பாங்க. அந்தத் தாய்கிட்டயும் என்ன குத்தம்னு கேட்டிருப்பாங்க."

மெல்கி வண்டியைக் கிளப்பினான். ஆற்றுப் பாலம் பழுது என்பதால் கரையிலேயே நிறுத்திவிட்டு, அவனும் யக்கோமினாவும் வெல்மின்சியும் முழங்கால் தண்ணீரில் இறங்கி அக்கரைக்கு நடந்தார்கள்.